பதினொரு கோப்புகளும் கடுகு அக்காவும்

பேனாவின் மேல் அச்சடித்திருக்கும் மருந்துப் பெயரைப் பிளேடால் சுரண்டி எடுத்த பிறகுதான் கடுகு அக்கா அதைக் கையில் பிடித்து எழுதுவார். ஆஸ்பத்திரியில் பேனாவுக்குப் பஞ்சமில்லை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாரம் ஒரு கட்டு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். மேசைக் காலண்டர், சாவிக் கொத்து, இருதயத்தின் வடிவத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு என்று எல்லா அறைகளிலும் அவர்களுடைய சீர்வரிசை நிறைந்திருக்கும். பதிவேட்டு அறையில் மட்டும் இருக்காது. காலண்டர் வந்தால் அடியில் இருக்கும் விளம்பரத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் மாட்டிக்கொள்வார். கேட்டால், "நான் என்ன அவங்க காம்பவுண்ட் சுவரா, நோட்டீஸ் ஒட்டிட்டுப் போக?" என்பார்.

உயரம் ஐந்தடியைத் தொடாது. பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, இரண்டு படி வைத்த ஒரு மரப்பலகையின் மேல் ஏறியும் இறங்கியும் இருபத்து நான்கு வருடங்களைக் கழித்திருக்கிறார். நோயாளி வீட்டுக்குப் போனாலும் சரி, போகாமலே போனாலும் சரி, அவருடைய கோப்பு கடைசியில் இவரிடம்தான் வரும். தாள் தாளாகப் புரட்டி, கையெழுத்து விட்டுப்போன இடத்தைக் குறித்து, நோய்க்கு உரிய எண்ணைப் போட்டு, நூல் கோத்துக் கட்டி அலமாரியில் ஏற்றுவது வேலை. மற்ற ஆஸ்பத்திரிகளில் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் தாளை எண்ணுவார்கள். கடுகு அக்கா படிப்பார். அதுதான் வம்பு.

அவருடைய கோபத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. நர்ஸ் பெண்களை "வாடி, போடி" என்பார்; அந்த மட்டில் எல்லாம் நலம். "வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்தால் யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம். மரியாதை ஏற ஏறக் குரல் இறங்கும். அந்தக் குரலை முழுசாகக் கேட்டவர்கள் அதை இரண்டாம் முறை கேட்க ஆசைப்பட்டதில்லை.

டாக்டர்களின் பணிக்கோப்புகளும் இவருடைய பீரோவில்தான் இருக்கின்றன. ஒன்பது டாக்டர்கள். ஒவ்வொருவரும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பாடம் கேட்டுப் புதிதாகக் கற்றுக்கொண்டதாகச் சான்றிதழ் காட்டினால்தான் தொழில் உரிமம் புதுப்பிக்கப்படும். தொடர் மருத்துவக் கல்வி என்று அதற்குப் பெயர். அந்தப் பாடத்தை யார் வேண்டுமானாலும் நடத்திவிட முடியாது. அங்கீகாரக் குழு ஒன்று இருக்கிறது, அது ஒப்புக்கொண்ட நிறுவனம்தான் நடத்தலாம். ஆகவே டாக்டர்கள் வெளியூருக்குப் போவார்கள். பெரிய ஓட்டலில் இரண்டு நாள் இருந்துவிட்டு, தோளில் ஒரு புதுப் பையும் கையில் ஒரு சான்றிதழுமாகத் திரும்பி வருவார்கள். சான்றிதழை அக்கா துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பார். அது வெறும் காகிதம் என்றுதான் அவரும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருடைய அக்காள் கணவருக்கு முழங்காலில் வலி கண்டது. சர்க்கரை உள்ள உடம்பு, வயது அறுபத்து மூன்று. எலும்பு டாக்டர் பார்த்தார், வலி மாத்திரை எழுதினார், குறையவில்லை என்றதும் ஊசியும் சேர்த்தார். ஆறு வாரம் ஓடியது. பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது, சிறுநீர் நின்றது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அவருடைய ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்து கொடுக்கிறது. எலும்பு டாக்டர் கெட்டவர் இல்லை. பகலுக்குள் எழுபது பேரைப் பார்க்கிறவர். டயாலிசிஸ் படுக்கைக்கே வந்து தோளைத் தட்டி, "வயசானா இப்படித்தாம்மா, ஒவ்வொண்ணா வரும்" என்று அக்காளிடம் ஆறுதல் சொல்லிவிட்டும் போனார்.

அந்தக் கோப்பு வழக்கம்போல் பதிவேட்டு அறைக்கு வந்தது. சொந்தக்காரர் கோப்பு என்பதால் கடுகு அக்கா அதைப் படிக்காமலே கட்டிவிட நினைத்தாராம். கை கேட்கவில்லை. வலி மாத்திரை எழுதிய தாளுக்கு இரண்டு தாள் முன்னால் ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. சிறுநீரகம் ஏற்கெனவே பாதி ஓய்ந்துவிட்டது என்று அதில் எண் சொன்னது. ஆய்வகத்தார் அதன் அடியில் சிவப்புக் கோடு வேறு போட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்த மாத்திரை ஆகாது என்பது பதிவேட்டு அறையில் இருபத்து நான்கு வருடம் கோப்பு படித்தவருக்கே தெரியும்.

"ரெண்டே ரெண்டு தாள். ஒரு விரலால திருப்பிப் பாத்திருந்தா போதும்" என்று இன்றைக்கும் யாரிடமாவது சொல்லும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தானாகக் காற்றில் ஒரு தாளைத் திருப்பும்.

புகார் எழுதலாம் என்றார். அக்காள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. நாளைக்கு மறுபடி அதே படியைத்தானே ஏறணும்? மெஷின் அவங்ககிட்டதானே இருக்கு?" மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பலகையில் ஏறினார். மூன்று வருடக் கோப்புகளை ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் படித்தார். ஏழு வாரம் ஆனது. அதே பரிசோதனைத் தாள், அதே சிவப்புக் கோடு, பிறகு அதே மருந்து என்று பதினொரு கோப்புகள் தேறின. நான்கு டாக்டர்களின் கையெழுத்து. ஆறு மட்டும் எலும்பு டாக்டருடையது. பதினொரு பேரில் நான்கு பேர் இப்போது இல்லை.

பிறகு பீரோவைத் திறந்து, அதே மூன்று வருடத்தில் ஒன்பது டாக்டர்களும் வாங்கி வந்த சான்றிதழ்களை மேசையில் பரப்பினார். எல்லோருக்கும் மணிக்கணக்கு நிறைவாக இருந்தது. புதிதாக வந்த சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பாடம், கொழுப்பு மாத்திரையைப் பற்றிப் பாடம், அதே கொழுப்பு மாத்திரையைப் பற்றி வேறு ஓட்டலில் இன்னொரு பாடம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வலி மருந்து கொடுக்கலாமா என்பதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தக் கேள்வியில் விற்பதற்கு ஒன்றும் இல்லையே. சான்றிதழ்களில் ஒன்று பல் டாக்டருடையது. அது சொன்ன நாளில், அது சொன்ன நேரத்தில், அவர் இங்கே ஒருவருக்குப் பல் பிடுங்கிக் கையெழுத்தும் போட்டிருந்தார். "ஒரே நேரத்துல ரெண்டு ஊருல இருக்கிறதுக்கு அவரு என்ன கடவுளா?" என்று காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். காகிதத்துக்குக் கடுகு அக்கா எப்போதுமே மரியாதை கொடுப்பதில்லை. அதனால் அது பெரிய கோபம் இல்லை. பெரிய கோபம் உள்ளே கனன்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டருக்கு ஓர் ஆசை வந்தது. தலைமை மருத்துவரை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வாசலில் 'தொடர் மருத்துவக் கல்வி வழங்க அங்கீகாரம் பெற்ற நிறுவனம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆனாலும் விண்ணப்பத்தில் நூற்றெட்டுக் காகிதம் இணைக்க வேண்டியிருந்தது. காகிதம் என்றால் பதிவேட்டு அறை. கட்டு வந்து கடுகு அக்காவின் மேசையில் விழுந்தது.

விதிப்புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். அடிக்கோலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் அடிக்கோல் நின்றது. 'உங்கள் மருத்துவர்களின் அன்றாட நடைமுறையில் உள்ள குறை என்ன? அதை உங்கள் மருத்துவமனையின் சான்றுகளோடு காட்டுக. அக்குறையைப் போக்கும் பாடத்தையே நீங்கள் நடத்த வேண்டும்.' அதற்கடுத்த பக்கத்தில், மருந்து விற்பவர்கள் பாடத்தையோ பேச்சாளரையோ தேர்ந்தெடுக்கக் கூடாது என்று இருந்தது. பேச்சாளர் எந்தக் கம்பெனியிடம் என்ன வாங்குகிறார் என்பதைப் பேச்சுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்றும், பாடம் முடிந்து வேலையில் என்ன மாறியது என்று அளந்து காட்ட வேண்டும் என்றும் இருந்தது. இதெல்லாம் ஏற்கெனவே சட்டமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தபோது அவருக்கு ஆனந்தம் வரவில்லை. முன்னைவிட ஆத்திரம்தான் வந்தது. "எழுதித்தான் வச்சிருக்காங்க. அப்போ தெரிஞ்சேதான் செய்யிறாங்க" என்றார்.

குறை என்ன என்ற இடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பதினொரு கோப்புகள், நோயாளி பெயர் இல்லை, டாக்டர் பெயர் இல்லை. பரிசோதனை செய்த தேதி, மருந்து எழுதிய தேதி, முடிவு. கடைசி வரி: 'பரிசோதனைத் தாள் எல்லாச் சமயங்களிலும் அதே கோப்பில் இருந்தது.' கட்டைக் கட்டிப் பெரிய டாக்டரின் கையெழுத்துக்கு அனுப்பினார்.

நான்கு மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். 'குறை பற்றிய உங்கள் அறிக்கை வேறு மூன்று மருத்துவமனைகளின் அறிக்கையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. ஓர் இடத்தில் அந்த மருத்துவமனையின் பெயர்கூட மாற்றப்படவில்லை.' அக்கா கட்டைப் பிரித்தார். அவருடைய ஒன்றரைப் பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் வழவழப்பான தாளில், உலகத் தரம், உன்னத சேவை என்று கம்பெனிக்காரர் கொடுத்த இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை பெயரை மாற்றாமல் அடித்த கதைதான்.

அக்கா பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். அங்கே நடந்ததை வாசலில் நின்ற வார்டு நர்ஸ் ஒருத்தி கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்திய கடுகு அக்கா, டாக்டரின் அறையில் டாக்டரைப் பார்த்து, "உக்காருங்க டாக்டர்" என்றாராம். எழுந்து நின்றிருந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய டாக்டர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியின் தவறை ஆஸ்பத்திரியே எழுதி அனுப்பினால் ஊர் சிரிக்கும், நோயாளி வரமாட்டார், யாராவது வழக்குப் போடுவார். "நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரிம்மா" என்றார்.

"கேஸ் போடணும்னா எப்பவோ போட்டிருப்பேன் டாக்டர். பதினொண்ணுல ஒண்ணு எங்க அத்தான்."

பெரிய டாக்டருக்கு அது தெரியாது. இருந்தாலும் ஆஸ்பத்திரியின் மானம் என்று ஒன்று இருக்கிறதே என்று மெதுவாக இழுத்தார்.

"மானம் போனா இன்னொரு நாள் சம்பாதிச்சுக்கலாம். கிட்னி போனா எங்க போயி வாங்கிட்டு வருவீங்க, டாக்டர் அவர்களே?"

அந்த 'அவர்களே'யில் நர்ஸ் வாசலை விட்டு ஓடிவிட்டாள். ஒன்றரைப் பக்கம் மறுபடி விண்ணப்பத்துக்குள் போயிற்று. எழுதியவர் யார் என்று மட்டும் தெரியக் கூடாது, ஆஸ்பத்திரியின் கல்விக் குழு எழுதியதாக இருக்கட்டும் என்றார் பெரிய டாக்டர். யார் பெயரில் போனால் என்ன, போனால் சரி என்று வந்துவிட்டார் அக்கா.

இம்முறை அங்கீகாரக் குழுவிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் கோப்பு வரிசையைச் சரிபார்ப்பவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற டாக்டரம்மா. தடித்த கண்ணாடி, சத்தமில்லாத செருப்பு. அவர் கூட்ட அறையில் வைத்த தேநீரைத் தொடவில்லை. அந்தப் பதினொரு கோப்புகளையும் நேரில் பார்க்க வேண்டும் என்றார். பெரிய டாக்டர் முன்னே போக, டாக்டரம்மா பதிவேட்டு அறையில் நின்றபடியே ஒரு மணி நேரம் தாள்களைப் புரட்டினார். இரண்டு தாள் முன்னால், இரண்டு தாள் பின்னால் என்று ஒவ்வொன்றிலும் விரல் போய் வந்தது. கடைசிக் கோப்பை மூடிவிட்டு, பெரிய டாக்டரை விட்டுவிட்டு, அலமாரி ஓரத்தில் நின்ற குள்ளமான பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு அப்புறம் பன்னிரண்டாவது வந்துச்சா?"

"வந்துச்சு. பதிமூணாவதும் வந்துச்சு. நீங்க விண்ணப்பத்தைக் கையில வச்சிருந்தீங்களே, அந்த நாலு மாசத்துல."

பெரிய டாக்டர் இருமினார். டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குக் கடுகு அக்காவுக்குத் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு வார்த்தைதான். எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னும் நாலு கேட்டிருக்கலாம். சரிதான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்கிவைப்பது? அவர்கள் போன பிறகு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நின்று கொஞ்ச நேரம் அழுததாக அவரே ஒருமுறை சொன்னார். "துக்கத்துல இல்ல, கடுப்புல" என்று திருத்தியும் சொன்னார்.

ஒரு வருடத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. வருடக் கடைசியில் அந்தத் தவறு குறைந்ததா என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கீகாரம் ரத்து. பித்தளைப் பலகையில் 'தற்காலிக' என்ற சொல்லைச் சின்ன எழுத்தில் போடலாமா என்று பெரிய டாக்டர் விசாரித்தார். கம்பெனிக்காரர், முதல் வகுப்புக்கு மதிய விருந்தாவது நான் தருகிறேன் என்று வந்தார். கடுகு அக்கா விதிப்புத்தகத்தின் பத்தாம் பக்கத்தைத் திறந்து, "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க ஐயா" என்றார். ஐயா என்றதும் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

முதல் வகுப்பு போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, வெளிநோயாளிகள் வருவதற்கு முன்னால் நடந்தது. கூட்ட அறையில் ஒன்பது நாற்காலி. பக்கத்து ஊரிலிருந்து சிறுநீரக டாக்டர் ஒருவர் பேச வந்திருந்தார். எந்தக் கம்பெனியிடமும் எதுவும் வாங்குவதில்லை என்று முதலில் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பதிமூன்று கோப்புகளின் தாள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பெயர்களின் மேல் கடுகு அக்கா கறுப்புக் காகிதம் ஒட்டிப் படம் எடுத்திருந்தார். ஆனால் கையெழுத்தின் மேல் எப்படி ஒட்டுவது? எலும்பு டாக்டரின் எழுத்து, மையில் விழுந்து எழுந்த எறும்பு வரிசை. நான்காவது தாளில் அது வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவதும் அவருடையது. ஒன்பதாவது தாளில் மருந்தின் பெயருக்குக் கீழே முழங்கால் படம் ஒன்றைப் பேனாவால் கிறுக்கியிருந்தார். அது அத்தானுடைய தாள். அறையில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கதவோரம் வருகைப் பதிவேட்டோடு நின்றார். இன்னொருவர் பின் வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தது. டாக்டர்கள் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். எலும்பு டாக்டர் கடைசியாக வந்தார்.

"ஒன்பதாவது உங்க அத்தான்தானே?"

"ஆமாங்க டாக்டர்."

"என்கிட்ட முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா?"

எலும்பு டாக்டர் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுச் சான்றிதழுக்காகக் கையை நீட்டினார். வராந்தாவில் அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஊன்றுகோல்கள் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, முப்பது சீட்டு கொடுத்தாகிவிட்டது என்றாள்.

கடுகு அக்கா படிவத்தைப் பார்த்தார். பேச்சு எப்படி, இடம் எப்படி, நேரம் போதுமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் நேராக 'மிக நன்று' என்று ஒரே வீச்சில் குறி போட்டிருந்தது. கடைசிக் கேள்வி, 'நாளை முதல் உங்கள் வேலையில் எதை மாற்றிச் செய்வீர்கள்?' என்பது. அதற்குக் கீழே மூன்று கோடுகள் காலியாகக் கிடந்தன.

அவர் படிவத்தை மெதுவாகத் திருப்பி டாக்டரின் பக்கம் வைத்தார். முதல் கோட்டின் தொடக்கத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றினார். நர்ஸ் இரண்டாம் முறை எட்டிப் பார்த்தாள், மூன்றாம் முறையும் பார்த்தாள். விரல் நகரவில்லை.